சிறிய முன்தோட்டத்திற்கு மணப்புதர்: காமினியா, கார்டேனியாவா?

வாசல்நிழல்:
எங்கள் வீட்டின் முன்புறம், மதிலுக்கும் சுவருக்கும் நடுவே, 10 அடிக்கு 8 அடி அளவில் மண்தரை இருக்கிறது. காலை வெயில் படும். நண்பகலுக்குப் பின் நிழல். ஆண்டு முழுவதும் இலை உதிராமல் நிற்கும் மணமுள்ள பூப்புதர் ஒன்றை அங்கே வைக்க விரும்புகிறேன். காமினி, கார்டேனியா, இரவுராணி என்று மூன்று பெயர்கள் என் காதுக்கு வந்திருக்கின்றன. எதை வைக்கலாம், ஏன் என்று காரணத்துடன் சொல்லுங்கள்.

பசுந்தழை:
தயங்காமல் காமினியை வையுங்கள். அதன் சிறிய, பளபளப்பான இலைகளே பூக்காத மாதங்களிலும் தோட்டத்திற்கு அழகு சேர்க்கும். வறண்ட காலத்தைத் தொடர்ந்து நல்ல மழை பெய்தால், செடி முழுவதும் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்து, மறுநாள் காலையில் அடியில் இதழ்களைக் கொட்டிவைத்திருக்கும். மண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காது, எவ்வளவு வெட்டினாலும் மீண்டும் துளிர்க்கும். மதிலோரம் மூன்று செடிகளை நட்டால் தெருப் பார்வைக்கு நல்ல மறைப்பாகவும் அமையும்.

வேரடிமண்:
பசுந்தழை சொல்லும் குணங்கள் அனைத்தும் உண்மை, ஆனால் முடிவு தவறு என்பது என் கருத்து. காமினி இயல்பாகவே 10 அடி வரை வளரக்கூடியது. விட்டுவிட்டால் சிறுமரமே ஆகிவிடும். 8 அடி இடத்தில் மூன்றை நட்டால் ஆண்டுக்குப் பலமுறை கத்தரிக்கோலும் கையுமாக நிற்க வேண்டியிருக்கும். பூங்கொத்துகள் கிளை நுனிகளில்தான் வருகின்றன என்பதால், வேலி போல் தட்டையாக வெட்டிக்கொண்டே இருந்தால் எதற்காக நட்டோமோ அந்த மணத்தையே வெட்டி எறிகிறோம். மேலும், எலுமிச்சை இனச் செடிகளை நலியச் செய்யும் ‘பசுமையாக்கம்’ (citrus greening) என்ற நோயைப் பரப்பும் சாறுறிஞ்சிப் பூச்சி காமினியிலும் தங்கிப் பெருகும். வீட்டில் எலுமிச்சை மரம் இருப்பவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். 4 முதல் 6 அடிக்குள் அடங்கும் கார்டேனியா ஒன்றே போதும். தடித்த கரும்பச்சை இலை, ஒற்றைப் பூவே முற்றத்தை நிறைக்கும் மணம் என எல்லாம் அதில் இருக்கின்றன.

பசுந்தழை:
வேலியாக வெட்டும் முறையைத்தான் நீங்கள் குறை சொல்கிறீர்களே தவிர, செடியை அல்ல. பூத்து முடிந்தவுடன் பழைய கிளைகளை அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் உயரமும் அடங்கும், பூவும் குறையாது. கார்டேனியாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். அது அமில மண்ணை விரும்பும் செடி; மண்ணின் பிஎச் அளவு (அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் எண்) 5 முதல் 6.5 வரை இருந்தால்தான் செழிக்கும். வீட்டுச் சுவரையும் மதிலையும் ஒட்டிய மண்ணில் சிமெண்டும் சுண்ணாம்பும் கரைந்து காரத்தன்மை ஏறியிருப்பது வழக்கம். அப்படிப்பட்ட மண்ணில் வேர் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல், நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்க, நடுவில் இலை மஞ்சளாகிவிடும். ஆண்டு முழுவதும் பசுமை வேண்டும் என்று கேட்பவருக்கு ஆண்டு முழுவதும் மஞ்சளிக்கும் செடியைப் பரிந்துரைப்பது நியாயமா?

மாலைக்காற்று:
இருவரும் இரவுராணியைத் தொடவில்லை. அந்த நெடி மூடிய சிறு இடத்தில் பலருக்குத் தலைவலியைத் தரும், செடியும் காயும் நஞ்சு. குழந்தைகள் நடமாடும் வாசலுக்கு அது வேண்டாம். பவளமல்லியை யாரேனும் சொன்னால், அது வறண்ட காலத்தில் இலையுதிர்க்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

என் பரிந்துரை அடுக்கு நந்தியாவட்டை. ஓரளவு நிழலைத் தாங்கும், மண்ணைப் பற்றிக் கவலைப்படாது. மணம் மென்மையானது, இரவில்தான் கூடும். கிளையை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. இன்னொன்று: மூன்று வகை மணங்களைச் சிறு இடத்தில் ஒன்றாக வைத்தால் எதையும் தனியாக நுகர முடியாது. ஒரே வகையை, மாலைக் காற்று வீட்டை நோக்கி வரும் பக்கமாக நடுங்கள்.

வேரடிமண்:
மண் குறித்துப் பசுந்தழை சொன்னதை மறுக்க முடியாது. மண்ணைச் சோதிக்காமல் கார்டேனியாவைத் தரையில் நடச் சொல்லியிருக்கக் கூடாது. காரம் மிகுந்திருந்தால் பெரிய தொட்டியில் அமிலத்தன்மையுள்ள மண்கலவை நிரப்பி வளர்க்கலாம். ஆனால் அளவு பற்றிய என் நிலைப்பாடு மாறவில்லை. நடும்போது செடி இருக்கும் அளவைப் பார்க்காமல், முழு வளர்ச்சியில் அது பிடிக்கும் இடத்தைத் தரையில் வட்டமாக வரைந்து பாருங்கள். காமினிக்கான வட்டம் உங்கள் நடைபாதையின் மேல் ஏறிவிடும். நந்தியாவட்டையும் ஆளுயரத்தைத் தாண்டக்கூடியதுதான். ஆகவே அதிலும் ஒன்று மட்டும், சுவரிலிருந்து 3 அடியாவது தள்ளி.

பசுந்தழை:
ஒரு காமினி என்றால் அந்த வட்டம் உள்ளேயே அடங்கும் என்றுதான் இப்போதும் சொல்வேன். மூன்று என்றது மறைப்புக்காக; மறைப்பு தேவையில்லை என்றால் எண்ணிக்கையை விட்டுக்கொடுக்கிறேன், செடியை அல்ல.

வாசல்நிழல்:
மறைப்பு தேவையில்லை. பின்புறம் எலுமிச்சை மரம் இருப்பதால் காமினியை விலக்குகிறேன். இந்த வாரம் மண்ணைச் சோதித்து, காரம் இல்லையென்றால் கார்டேனியாவும், இருந்தால் அடுக்கு நந்தியாவட்டையும் வைப்பதாக முடிவு செய்திருக்கிறேன். சோதனை முடிவை இங்கேயே பதிகிறேன்.