நம்ம வீட்டு குரூப் 🏡

செந்தில்: அப்பாவோட குடல்வால் ஆபரேஷன் பயாப்ஸி ரிப்போர்ட் வந்துடுச்சு, மொத லேப்ல கார்சினாய்டுன்னு போட்டான், அதே ஸ்லைட இன்னொரு இடத்துல காட்டினா கோப்லெட் செல் அடினோகார்சினோமாங்கறான், யார நம்பறதுன்னே தெரியல

ராஜி அத்தை: அய்யோ முருகா 😭 அண்ணனுக்கு சொல்லிட்டியா

மணி சித்தப்பா: சேம்பிள மாத்திட்டான். கேஸ் போடு

கவி: சித்தப்பா இருங்க 🙏 சேம்பிள் மாறல. கார்சினாய்டுன்னா ஹார்மோன் சுரக்கற செல்லுல வர்ற கட்டி, அடினோகார்சினோமான்னா சுரப்பி செல்லுல வர்ற புற்றுநோய். இதுல சளி சுரக்கற செல்லும் ஹார்மோன் சுரக்கற செல்லும் கலந்து கெடக்கும். சளி செல் ஒவ்வொண்ணும் கோப்பை (கோப்லெட்) மாதிரி உப்பி நிக்கும், நடுவுல அங்கங்க இருக்கற ஹார்மோன் செல், அத அடையாளம் காட்டற சினாப்டோபைசின் குரோமோகிரானின் சாயம் புடிச்சு பிரவுனா தெரியும். அத வச்சு தான் ரொம்ப வருஷமா கோப்லெட் செல் கார்சினாய்டுன்னே கூப்டாங்க, 2019ல டபிள்யூஎச்ஓ பேர மாத்திடுச்சு. முன்பாதிய விட்டுட்டு வெறும் கார்சினாய்டுன்னு எழுதினது தான் தப்பு

செந்தில்: பேர் தானே கவி

கவி: அண்ணா வைத்தியமே மாறும். சாதா கார்சினாய்டு 1 செமீக்கு கீழன்னா பெரும்பாலும் குடல்வால எடுத்ததோட சரி. இது கட்டியா திரளாம சுவருக்குள்ளயே ஊர்ந்து போற ஜாதி, அதான் ஸ்கேன்ல வெறும் வீக்கம்னு வந்துச்சு. வலது பக்க பெருங்குடலையும் எடுக்கணுமான்னு சர்ஜன் பேசுவாரு

செந்தில்: நெட்ல மைனென்னு ஒரு கலப்பு கட்டி போட்ருக்கே அதுவா

கவி: இல்லண்ணா. அதுல ரெண்டு வகையும் ஒவ்வொண்ணும் கொறஞ்சது 30 சதவீதமாவது இருக்கணும். இதுல ஹார்மோன் செல் சும்மா தூவின மாதிரி தான், அதனால தனி பேர். ரிப்போர்ட்ல கிரேடு, அதாவது எவ்ளோ தீவிரம்ங்கற நம்பர், என்ன? செல்லுங்க குழாயாவும் கொத்தாவும் ஒழுங்கா இருக்கற பகுதி 75 சதவீதத்துக்கு மேலன்னா 1, 50க்கு கீழ போனா 3

மணி சித்தப்பா: ↪️ பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது: தினம் காலையில் ஒரு டம்ளர் சீத்தா இலை கஷாயம்...

கவி: சித்தப்பா ப்ளீஸ்

பெரியப்பா: நானும் இந்த குரூப்ல தான்யா இருக்கேன். 60 சதவீதம், கிரேடு 2. நேத்தே பென்சில்ல அடிக்கோடு போட்டு வச்சிட்டேன்

ராஜி அத்தை: அண்ணே 😭😭

கவி: பெரியப்பா நைட் கால் பண்றேன். செந்தில் அண்ணா, எங்க மேடமும் ஒரு தடவ பாக்கணும்ங்கறாங்க, ஸ்லைடு மட்டும் போதாது, எடுத்த சதைய பதிச்சு வச்சிருக்கற மெழுகு பிளாக்கையும் லேப்ல கேட்டு வாங்குங்க, அதுல இருந்து தான் புதுசா சீவி சாயம் போட முடியும்

செந்தில்: நாளைக்கு கார்ல எடுத்துட்டு வரேன்

கவி: டேஷ்போர்டுல வெயில்ல வச்சிடாதீங்க, உருகிடும்