டிப்ளமோ படிச்சவர் 'ஜூனியர் எக்சிகியூட்டிவ்': அப்போ அவர் தொழிலாளி இல்லையா?

லேத்து_ராசு:
ஒரே சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுல ஓடுற) மிஷின், ஒரே ஷிப்ட். ஐடிஐ முடிச்சவர் 'ஆபரேட்டர்', டிப்ளமோ முடிச்சவர் 'ஜூனியர் எக்சிகியூட்டிவ்'. முதல் ஆளுக்கு ஓவர்டைம் உண்டு. அடுத்தவர் கேட்டா, 'நீங்க ஸ்டாஃப் ஆச்சே'ங்கிறாங்க. இது செல்லுமா?

கோவை_ஹெச்ஆர்:
செல்லும். படிப்பு ஒண்ணுதான் சான்றிதழை வச்சுச் சரிபார்க்க முடியுற அளவுகோல். என்ன வேலை பார்க்கிறீங்கன்னு அவங்கவங்களையே எழுதச் சொன்னா, டூல் மாத்துறவர்கூட 'ப்ராசஸ் கண்ட்ரோல்'னு எழுதுவார். அதோட, மாசச் சம்பளம் 18,000 ரூபாய் தாண்டினாலே அவர் சட்டப்படி தொழிலாளி இல்ல.

சங்கத்துக்காரன்:
கடைசி வரி தப்பு சார். 18,000 வரம்பு மேற்பார்வை வேலை பார்க்கிறவருக்கு மட்டும்தான். 2020 தொழில் உறவுச் சட்டத் தொகுப்புல அப்படித்தான் இருக்கு; அதுக்கு முன்னாடி இருந்த 1947 தொழில் தகராறுச் சட்டத்துல, 2010 திருத்தத்துக்கு அப்புறம் அதே வரம்பு 10,000-ஆ இருந்துச்சு. மிஷின் ஓட்டுறவர் 60,000 வாங்கினாலும் தொழிலாளிதான். நிர்வாகப் பொறுப்புல இருக்கிறவர் 12,000 வாங்கினாலும் தொழிலாளி இல்ல. கோர்ட் பதவிப் பெயரைப் பார்க்காது, பிரதானமா என்ன வேலைன்னுதான் பார்க்கும். 8 மணி நேரத்துல 7 மணி நேரம் ஜாப் (மிஷின்ல வைக்கிற பொருள்) ஏத்தி இறக்கி, டூலோட ஆஃப்செட் அளவைத் திருத்தி, மைக்ரோமீட்டர்ல அளவு பார்த்தா, அது மேற்பார்வை ஆகாது.

கோவை_ஹெச்ஆர்:
அப்போ தகுதிக்கு மதிப்பே இல்லையா? லைசென்ஸ் இல்லாதவரை பேனல் போர்டுல கைவைக்க விடுவீங்களா?

சங்கத்துக்காரன்:
விடமாட்டோம். யாரை வேலைக்கு எடுக்கலாம்ங்கிறதுக்குத் தகுதி வேணும். எடுத்த பிறகு எந்த வகைங்கிறதைச் செய்ற வேலைதான் முடிவு பண்ணும். மின் உரிம வாரியம் குடுக்கிற 'சி' சான்றிதழே சூப்பர்வைசர் சான்றிதழ்தான். அதை வச்சிருக்கிறவர் நாள் முழுக்கத் தன் கையாலேயே பிரேக்கர் மாத்திட்டிருந்தா, அவருக்குக் கீழே யார் இருக்காங்க?

லேத்து_ராசு:
டீம் லீடர் கதை? நாலு பேருக்கு வேலை பிரிச்சுக் குடுக்கிறார், லீவ் ஃபார்ம்ல 'பரிந்துரைக்கிறேன்'னு கையெழுத்துப் போடுறார்.

கோவை_ஹெச்ஆர்:
அது மேற்பார்வைதான். யாரை எந்த மிஷின்ல போடுறதுன்னு அவரே முடிவு பண்றார்னா வேற என்ன வேணும்?

சங்கத்துக்காரன்:
அவரே முடிவு பண்றாரா, இல்ல ப்ளானிங்ல வந்த ஷீட்டை வாசிக்கிறாரா? அதுதான் கேள்வி. பரிந்துரை வேற, அனுமதி வேற. மெமோ குடுக்கவும் லீவை மறுக்கவும் அதிகாரம் இல்லாதவரை மேற்பார்வையாளர்னு காட்டுறது கஷ்டம். ஆனா ராசு, வழக்குன்னு போனா 'நான் தொழிலாளி'ன்னு நிரூபிக்க வேண்டியது வேலை பார்க்கிறவர்தான். ஷிப்ட் லாக் புக், புரொடக்ஷன் ஷீட் ரெண்டுக்கும் நகல் இல்லாம பலர் அங்கேதான் தோத்துப்போறாங்க. ஆட்குறைப்பு வந்தா இன்னும் சிக்கல்: கடைசியா சேர்ந்தவர் முதல்ல போகணும்ங்கிற விதி ஒரே வகைக்குள்ளதான். வகையைப் பிரிச்சா சீனியாரிட்டி லிஸ்டும் பிரியும்.

கோவை_ஹெச்ஆர்:
சரி, லீவ் அனுமதியையே டீம் லீடருக்கு எழுத்துல குடுத்துட்டா?

சங்கத்துக்காரன்:
குடுங்க. அவர் மறுத்த லீவை மேனேஜர் ஒரு போன்ல பாஸ் பண்ணாம இருக்கணும்.