குளம் பச்சையாவே நிக்குது, குளோரின் போட்டும் போகல - அவசரம்

பச்சைத்தவளை:
வணக்கம். வீட்டு நீச்சல் குளம் பச்சையா மாறிடுச்சு. குளோரின் எல்லாம் சரியாத்தான் இருக்கு, அப்படியும் போக மாட்டேங்குது. சனிக்கிழமை அக்கா பசங்க வர்றாங்க. யாராவது சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

மோட்டார்மணி:
எத்தனை லிட்டர் குளம்? மணல் ஃபில்டரா, கார்ட்ரிட்ஜா? பம்ப் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடுது? என்னைக் கேட்டா பாதிப் பேருக்குக் குத்தம் ஃபில்டர்லதான். பிரஷர் கேஜைப் பாருங்க. கழுவின உடனே காட்டின அளவைவிட 8, 10 பிஎஸ்ஐ ஏறியிருந்தா முதல்ல பேக்வாஷ் (தண்ணியைத் தலைகீழா விட்டு ஃபில்டரைக் கழுவறது), மத்ததெல்லாம் அப்புறம்.

வேதிவாத்தியார்:
"சரியாத்தான் இருக்கு" என்பது அளவு அல்ல, அபிப்பிராயம். ஃப்ரீ குளோரின் (செலவாகாமல் மிச்சமிருப்பது), பிஎச், காரத்தன்மை, சயனூரிக் அமிலம் (வெயிலில் குளோரின் அழியாமல் காப்பது), இந்த நாலு எண்ணும் இல்லாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது? காய்ச்சல் என்று வந்துவிட்டு நாடியைக் காட்ட மாட்டேன் என்றால் எப்படி?

தாமிரக்கண்ணன்:
பச்சைன்னாலே பாசின்னு முடிவு கட்டிடாதீங்க. வெள்ளை பக்கெட்டுல தண்ணி மொண்டு பாருங்க. கலங்கலே இல்லாம நிறம் மட்டும் பச்சைன்னா அது உலோகம். தாமிரம் கலந்த பாசிக்கொல்லி ஊத்தினீங்களா? நீந்தறவங்களுக்கு வெளிர் முடி பச்சையாகுதுன்னு குளோரினைத் திட்டுவாங்க, உண்மையில அது தாமிரம்.

பச்சைத்தவளை:
8க்கு 4 மீட்டர். மணல் ஃபில்டர். பாசிக்கொல்லி எதுவும் ஊத்தல. டெஸ்ட் ஸ்ட்ரிப்ல குளோரின் 3, பிஎச் 7.2. தண்ணி கலங்கல்தான், சுவரைத் தொட்டா வழுவழுன்னு இருக்கு. பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் கிடக்கு, அதையும் மிதக்குற டப்பாவுலயே போட்டு விட்டுடவா?

வேதிவாத்தியார்:
நில்லுங்கள்! மிதக்கும் டப்பா என்றால் உள்ளே மாத்திரைதானே, ட்ரைக்ளோர்? அதனுடன் பிளீச்சிங் பவுடர் ஈரத்தில் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை அள்ளிய கரண்டியை இன்னொன்றில் வைக்கவே கூடாது.

ரெண்டுபிள்ளைஅம்மா:
ஐயோ, போட்டுடாதீங்க. அமிலத்தையும் குளோரினையும்கூட பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க, கலந்தா விஷவாயு. எப்பவும் தண்ணியிலதான் மருந்தைப் போடணும், மருந்து மேல தண்ணி ஊத்தக் கூடாது.

அப்புறம், மேல நின்னு பார்த்தா அடியில இருக்கற வடிகால் மூடி தெளிவாத் தெரியுதா? தெரியலேன்னா சனிக்கிழமை யாரையும் இறக்காதீங்க. கலங்கின தண்ணியில ஒரு பிள்ளை முங்கினா மேல நிக்கிறவங்க கண்ணுக்கே படாது. சத்தமும் வராது.

உப்புக்குளம்:
இந்த வம்பே வேணாம்னுதான் நான் உப்புத் தண்ணிக்கு மாறிட்டேன். குளோரினே கிடையாது.

வேதிவாத்தியார்:
உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரின் தயாரிப்பதுதான் உப்புக் குளத்தில் மாட்டும் அந்த செல்லின் வேலையே. பெட்டி மேல் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறையாவது படித்தீர்களா?

உப்புக்குளம்:
அப்ப ஏன் சார் என் குளத்துல வாடையே வரல? தெரிஞ்சவர் வீட்டுக் குளத்துப் பக்கம் போனாலே கண்ணு எரியுது.

வேதிவாத்தியார்:
அந்த வாடை குளோரமைன். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாவது. வாடை தூக்கலாக அடித்தால் அநேகமாகக் குளோரின் போதவில்லை. எல்லோரும் தலைகீழாகவே புரிந்துகொள்கிறீர்கள்.

உப்புக்குளம்:
என் குளத்துல யாரும் சிறுநீர் போறதில்ல.

மோட்டார்மணி:
ரெண்டு பேரும் தனி இழை ஆரம்பிச்சுக்குங்க அண்ணே. தவளைத் தம்பி, பிரஷர் எவ்வளவு?

ஆழம்பார்:
தவளை, ஆழம் சொல்லலையே. மாத்திரை என்ன எடை, வாரத்துக்கு எத்தனை, எவ்வளவு காலமாப் போடறீங்க?

பச்சைத்தவளை:
ஒரு ஓரம் 1 மீட்டர், அந்தப் பக்கம் 1.8. 200 கிராம் மாத்திரை, வாரம் ரெண்டு. குளம் கட்டினதுல இருந்தே இதான்.

ஆழம்பார்:
சராசரி ஆழம் 1.4ன்னு வெச்சா 45,000 லிட்டர் சுமார். ஒரு மாத்திரை கரைஞ்சா அதுல 4 பிபிஎம் (லிட்டருக்கு 4 மில்லிகிராம்) குளோரின் சேரும், கூடவே ஏறக்குறைய 2.4 பிபிஎம் சயனூரிக் அமிலம். குளோரின் செலவாயிடும், சயனூரிக் அப்படியே தங்கும். வாரம் ரெண்டுன்னா 5 பிபிஎம் கிட்ட. பேக்வாஷ்லயும் தெறிக்கறதுலயும் கொஞ்சம் போனாலும், அஞ்சாறு மாசத்துல 100ஐத் தொட்டுடும்.

சயனூரிக் கெட்ட சரக்கு இல்ல. அது இல்லேன்னா ரெண்டு மணி நேர வெயில்ல குளோரின் பெரும்பாலும் காலி. ஆனா 30லேர்ந்து 50 வரைக்கும் போதும். 120 ஆச்சுன்னா, 30ல இருந்தப்ப செஞ்ச அதே வேலைக்குக் கிட்டத்தட்ட நாலு மடங்கு குளோரின் வேணும். ஸ்ட்ரிப் 3 காட்டும், பாசி பாட்டுக்கு வளரும்.

சோதிச்சுட்டே முடிவு பண்ணுங்க. சயனூரிக் கிட்ல அடியில கறுப்புப் புள்ளி வெச்ச டியூப் இருக்கும். குளத்துத் தண்ணியையும் மருந்தையும் சமமாக் கலந்து குலுக்கினா வெண்மையாக் கலங்கும். அதை டியூப்ல மெதுவா ஊத்திக்கிட்டே மேலேர்ந்து பாருங்க, புள்ளி மறையற இடத்துக் கோடுதான் அளவு. டியூப்ல கீழ போகப் போக எண் கூடும்; 100 கோட்டுக்கும் கீழயே மறைஞ்சா 100க்கு மேலன்னு அர்த்தம், அப்ப குளத்துத் தண்ணியில பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணி கலந்து மறுபடி பார்த்து, வந்ததை ரெட்டிப்பாக்குங்க.

அதிகம்னு தெரிஞ்சா தண்ணி மாத்தறதுதான் வழி. மொத்தமா வடிச்சுடாதீங்க, நிலத்தடி நீர் மேல இருக்கற இடத்துல காலிக் குளம் தொட்டியோட தூக்கிக்கும். பாதி மட்டும். நிரப்பினதும் திரவக் குளோரின், அதுல சயனூரிக் கிடையாது. சுவரை பிரஷ்ஷால நல்லாத் தேய்ச்சு, பம்பை நிறுத்தாம ஓட விட்டு, பிரஷர் ஏற ஏற பேக்வாஷ். குளோரின் சாதாரண அளவுக்கு இறங்கற வரைக்கும் யாரும் இறங்க வேணாம்.

வேதிவாத்தியார்:
என் முதல் பதிவிலேயே சயனூரிக் எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன். கவனிக்கவும்.

தாமிரக்கண்ணன்:
இருந்தாலும் அந்த பக்கெட் சோதனையை ஒருக்காப் பார்த்திருக்கலாம். நிரப்பறது போர் தண்ணின்னா இரும்பு இருக்கும், குளோரின் பட்டதும் டீ டிகாக்ஷன் கலர் வரும். அப்ப என்னைத் தேடுவீங்க.

பச்சைத்தவளை:
புள்ளி கொஞ்சம் ஊத்தினதுமே மறைஞ்சிடுச்சு. பாதித் தண்ணி மாத்தி திரவக் குளோரின் போட்டாச்சு. பச்சை போயிடுச்சு, அடி மூடி லேசாத் தெரியுது. ஆழம்பார் சாருக்கு ரொம்ப நன்றி.

ரெண்டுபிள்ளைஅம்மா:
லேசான்னா பத்தாது தம்பி, தெளிவாத் தெரியணும். அந்த மூடி ஸ்க்ரூ இறுக்கமா, உடையாம இருக்கான்னும் பாருங்க. உடைஞ்ச மூடி வழியா பம்ப் முடியையும் கையையும் இழுத்துப் பிடிச்சுக்கும். குளத்தைச் சுத்தி வேலி இருக்கா? குறைஞ்சது 1.2 மீட்டர் உயரம், கதவு தானாச் சாத்தித் தானாத் தாழ் விழணும். பசங்க எத்தனை வயசு?

மோட்டார்மணி:
பிரஷர் எவ்வளவுன்னு கடைசி வரைக்கும் சொல்லலையே.

ரெண்டுபிள்ளைஅம்மா:
தம்பி, வேலி இருக்கான்னு மட்டுமாவது சொல்லுங்க.