பீரோவுல 23 ஹேண்ட்பேக், போகிக்கு நாலு நாள்

குழு: தாத்தா வீட்டு ஜனங்க
சனிக்கிழமை

வித்யா, 8:40
பீரோ மேல் தட்டைக் காலி பண்றேன். ஹேண்ட்பேக் மட்டும் 23. தாம்பூலப் பை, ஜவுளிக்கடை கட்டைப் பை எல்லாம் இந்தக் கணக்குல இல்ல. ஆறேழு இருந்தாப் போதும். எதுல ஆரம்பிக்கிறது?

கார்த்தி, 8:43
நாலு நாள்ல போகி. வாசல்ல போட்டுக் கொளுத்துக்கா, வேலை முடிஞ்சது

சேகர் மாமா, 8:44
டேய், அதை மட்டும் பண்ணிடாதீங்க. ரெக்ஸின்னு சொல்றதெல்லாம் பெரும்பாலும் பி.வி.சி. எரிச்சா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், டையாக்சின்ங்கிற விஷமும் சேரும். கோரைப் பாயும் விளக்குமாறும் எரிச்ச காலத்துப் பழக்கத்தை இதுல காட்டக் கூடாது.

மாலதி சித்தி, 8:47
வித்யா, பிடிச்சது பிடிக்காததுன்னு பிரிக்காத. அப்படிப் பார்த்தா 23-ம் பிடிச்சதாத்தான் தெரியும். முதல்ல ஒரு பழைய பெட்ஷீட்டை விரிச்சு எல்லாப் பையையும் தலைகீழாக் கொட்டு. ஜிப் பாக்கெட், பின்பக்கப் பாக்கெட் ஒண்ணு விடாம கையை விட்டுப் பாரு. லைனிங் தையல் விட்டிருந்தா சில்லறை எல்லாம் உள்ளுக்குள்ள அடியில போய் உக்காந்துக்கும். பையோட அடியை வெளியில இருந்து தடவினா விரல்ல தட்டுப்படும்.

லட்சுமி அத்தை, 8:49
கம்மல் திருகாணி, ஹேர்பின் வந்தா உடனே ஒரு சின்ன டப்பால போட்டுடு. பெட்ஷீட்டை உதறும்போது அதுதான் முதல்ல காணாமப் போகும்.

வித்யா, 9:31
கொட்டியாச்சு. சில்லறை 64 ரூபா, மாத்திரை அட்டை 5, பேனா 9, பில்லு ஒரு கூடை. அப்புறம் ஒரு 2000 ரூபா நோட்டு!! இது செல்லுமா?

மாலதி சித்தி, 9:34
2023 மே 19-ல திரும்ப வாங்கிக்கிறோம்னு அறிவிச்சாங்க, செல்லாதுன்னு அறிவிக்கல. ஆனா பேங்க் கவுன்ட்டர்ல மாத்தற கெடு அந்த அக்டோபரோட முடிஞ்சுது. சென்னை ராஜாஜி சாலையில ரிசர்வ் வங்கி அலுவலகம் இருக்குல்ல, அங்க அடையாள அட்டையோட போகணும். இல்லன்னா போஸ்ட் ஆபீஸ் மூலமா அங்க அனுப்பி உன் கணக்குல வரவு வைக்கச் சொல்லலாம். 2016-ல செல்லாமப் போன பழைய 500, 1000 கிடைச்சாத்தான் வெறும் காகிதம்.

சேகர் மாமா, 9:40
இப்ப எதுல செஞ்சதுன்னு பார்த்துப் பிரிம்மா. துணியைத் தள்ளிட்டா மூணே வகை: தோல், பி.யு. (துணி மேல பாலியூரித்தேன் பூசினது), பி.வி.சி. வெட்டு தெரியற இடத்தைத் தேடு. கைப்பிடி ஓரத்துக்குப் பெயின்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க, அதனால உள் பாக்கெட் மடிப்பைப் பாரு. நார் நாராத் தெரிஞ்சா தோல். துணி மேல பால் ஏடு படிஞ்ச மாதிரி ஒரு படலம் இருந்தா பி.யு. கனமா, வழவழன்னு, பிளாஸ்டிக் வாசனையோட இருந்தா பி.வி.சி. சந்தேகம்னா கட்டைவிரலால அழுத்து. தோல்ல விரலைச் சுத்தி நுணுக்கமாச் சுருக்கம் விழும், மத்ததுல சும்மா பள்ளம்தான் விழும்.

வித்யா, 10:15
தோல் 5, பி.வி.சி. 3, துணி 4, மீதி 11-ம் பி.யு. அதுல 6 உரியுது மாமா. ரெண்டு பை நாலு தடவைகூட எடுக்காதது, அதுவும் உரியுது. அது எப்படி?

சேகர் மாமா, 10:19
எடுத்தாலும் உரியும், எடுக்காட்டியும் உரியும். துணி மேல பூசின பாலியூரித்தேன் ஏடு அது. காத்துல இருக்கிற ஈரமே அதைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுடும். கம்பெனிக்காரங்க ஹைட்ரோலிசிஸ்னு சொல்வாங்க. சென்னைப் புழுக்கத்துல பூட்டின பீரோ அதுக்கு ரொம்ப வசதி. ‘நல்ல நாளைக்கு எடுக்கலாம்’னு பத்திரப்படுத்துற சாமானே இல்ல பி.யு. வாங்கினா தினம் தூக்கித் தேய்ச்சுத் தீர்த்துடணும்.

கார்த்தி, 10:21
ஷூ பாலிஷ் போட்டா மறைஞ்சிடாதா மாமா?

சேகர் மாமா, 10:23
உரிஞ்ச இடத்துல இருக்கிறது துணி. அது பாலிஷைக் குடிச்சிட்டு அப்புறம் அக்கா புடவையில துடைக்கும். பசை போட்டா அந்த இடம் விறைச்சுக்கும், அதுக்குப் பக்கத்துல உரியும். ஆறும் போகட்டும். போறதுக்கு முன்னாடி தோள் பட்டை, கொக்கி, ஜிப் ரன்னர் நல்லா இருந்தா கழட்டிக்கோ. ரெண்டு கொக்கி, ஒரு பட்டை போதும். கழட்டின சாமானுக்குன்னு ஒரு டப்பா நிறைஞ்சா அப்புறம் அதை ஒழிக்கணும்.

மாலதி சித்தி, 10:26
உரிஞ்சதை எல்லாம் உலர் குப்பையோட போடு, நீலக் கூடை. துகள் கொட்டும், அதனால ஒரு பழைய சாக்குல கட்டிப் போடு.

வித்யா, 10:30
பி.வி.சி.ல ரெண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பிரிச்சா வெள்ளைப் பையில சிவப்புக் கறை.

சேகர் மாமா, 10:33
பி.வி.சி. வளையறதுக்குன்னு ஒரு எண்ணெய்ப் பொருள் சேர்ப்பாங்க. நாளாக ஆக அது மேல கசியும், பிசுபிசுக்கும், வரும்போது சாயத்தையும் இழுத்துட்டு வரும். பவுடர் போட்டா ரெண்டு நாள் தாங்கும், அவ்வளவுதான். அந்த ரெண்டும் போகட்டும். நாப்தலின் உருண்டையை பி.யு., பி.வி.சி. மேல நேராப் போட்டாலும் படலம் கெடும், ஞாபகம் வச்சுக்கோ.

லட்சுமி அத்தை, 10:41
தோல் பை ரெண்டுல பூஞ்சை இருக்குமே, மழை இப்பதான ஓஞ்சுது?

வித்யா, 10:42
கரெக்ட் அத்தை. வெள்ளையாப் படிஞ்சிருக்கு. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

லட்சுமி அத்தை, 10:45
வேண்டவே வேண்டாம். எண்ணெய் தோலைக் கறுப்பாக்கும், அடுத்த பூஞ்சைக்கும் அதுவே தீனி. மூக்கைக் கட்டிக்கிட்டு பால்கனியில வச்சு காஞ்ச துணியால துடை. வீட்டுக்குள்ள துடைச்சா அந்தத் தூள் பக்கத்துப் பையில போய் உக்காரும். துடைச்ச துணி குப்பைக்கு. அப்புறம் லேசான சோப்புத் தண்ணில துணியை நனைச்சு, ஒட்டப் பிழிஞ்சு ஒரு தடவை. பையைத் திறந்து வச்சு நிழல்ல, ஃபேன் காத்துல ரெண்டு நாள். வெயில்ல வச்சா வெடிக்கும், ஹேர் டிரையரும் அதே கதைதான்.

வித்யா, 10:48
பிரவுன் தோல் பையில ஜிப் போட்டா பின்னாடியே பிளந்துக்குது. ஜிப்பையே மாத்தணுமா?

சேகர் மாமா, 10:52
பல்லு எல்லாம் சரியா இருக்கா பாரு. இருந்தா கோளாறு ரன்னர்லதான், வாய் அகண்டு போச்சு. சின்ன குறடால ரன்னரோட ரெண்டு பக்கத்தையும் மாத்தி மாத்தி லேசா அழுத்து. ஒரே அழுத்தா அழுத்தினா வார்ப்பு உடையும். சரியாகலன்னா ரன்னரை மட்டும் மாத்தலாம். பின்பக்கம் 3, 5, 8னு நம்பர் இருக்கும், அதே நம்பர் வேணும். நைலான் சுருள் ஜிப்புக்கும் உலோகப் பல்லுக்கும் ரன்னர் வேற வேற. கடைக்குப் பையைக் கொண்டுபோயிடு, வாயால சொல்லி வாங்காத.

மாலதி சித்தி, 10:54
தையல் விட்டிருந்தா பிளவுஸ் டெய்லர்கிட்ட குடுக்காத. அந்த மெஷின் ஊசி தோல்ல உடையும்.

சேகர் மாமா, 10:56
உடைஞ்சாக்கூடப் பரவாயில்ல மாலதி, நெருக்கி நெருக்கித் தைச்சுட்டா தபால் தலை ஓரம் மாதிரி வரிசையாக் கிழிஞ்சுடும். தோல்ல விழுந்த ஓட்டை மூடாது. பை ரிப்பேர்காரர்கிட்டயோ செருப்புத் தைக்கிறவர்கிட்டயோ குடுத்து, பழைய ஓட்டை வழியாவே கையால தைக்கச் சொல்லு.

மாலதி சித்தி, 11:10
8 போச்சு, 15 இருக்கு. இப்பதான் எந்தப் பை எதுக்குன்னு கேக்கணும். உன் போன், கண்ணாடிக் கூடு, சாவிக்கொத்து, கர்சீப், மடக்குக் குடை எடுத்துக்கோ. ஒவ்வொண்ணுலயும் போட்டு ஜிப்பை மூடு. இப்ப வர்ற பெரிய போன் 16 செ.மீ. நீளம், பழைய கிளட்ச்ல உள்ள போகாது. போன் போகாத கிளட்சைக் கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போனா போன் கையிலதான் இருக்கும். அப்புறம் கிச்சன் தராசுல காலிப் பையை வை. ஒரு கிலோவைத் தாண்டினா எவ்வளவு நல்ல தோலா இருந்தாலும் அது தோளுக்கு எதிரி.

லட்சுமி அத்தை, 11:13
பட்டுக்கு எடுக்கிற பையோட வெளிப்பக்கத்தை உள்ளங்கையால தடவு. கல்லு, மணி, கம்பி முனை கையில உரசினா அது பட்டு நூலையும் இழுக்கும். முந்தானை இடது தோள்ல, அதனால பை வலது தோள்ல. செயின் பட்டைன்னா சரிகை மேல உரசாத நீளமா பாரு.

வித்யா, 12:20
கறுப்புத் தோல் பை காலியாவே 1 கிலோ 240! கிளட்ச் ரெண்டுலயும் போன் போகல. முடிவு பண்ணிட்டேன்: ஆபீசுக்குப் பெரிய தோல் பை, வெளிய போக தோல் ஸ்லிங், ஜிப் சரி பண்ண வேண்டிய பிரவுன், மழை நாளுக்கு ஒரு பி.யு., சணல் பை, பட்டுக்கு மெரூன் பொட்லி, அதான் சுருக்குப் பை. ஆறு. மீதி 9-ஐ வேலைக்கு வர்ற அக்காவுக்குக் குடுத்துடவா?

லட்சுமி அத்தை, 12:24
ஒன்பதையும் மூட்டையாக் கட்டி அவங்க கையில திணிக்காத. வேண்டாம்னு சொல்ல அவங்களுக்குச் சங்கடமா இருக்கும். வரிசையா வச்சு, வேணுங்கிறதை எடுத்துக்கச் சொல்லு. ஜிப் ஓடாதது, பிசுபிசுக்கிறது அந்த வரிசையிலயே இருக்கக் கூடாது.

கார்த்தி, 12:26
அந்த ஒரு கிலோ பையை நான் ஓ.எல்.எக்ஸ்.ல போடறேன். கமிஷன் உண்டு 😁

மாலதி சித்தி, 12:31
ஆறையும் வைக்கிற விதம் சொல்றேன். ஒண்ணுக்குள்ள ஒண்ணு போடாத, ஆணியில மாட்டாத, கைப்பிடி இழுபட்டுப் போகும். புஸ்தகம் மாதிரி நிமிர்த்தி வை. உள்ள பழைய காட்டன் துப்பட்டாவை அடை. நியூஸ் பேப்பர் மை வெளிர் லைனிங்ல ஏறும். செயினைத் துணியில சுத்தி உள்ள போடு, இல்லன்னா தோல்ல தடம் விழும். மேல தலையணை உறை. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரத்தை உள்ளயே பூட்டி வைக்கும். சிலிகா ஜெல் பாக்கெட் மூடின டப்பாலதான் வேலை செய்யும். திறந்து மூடற பீரோவுல சீக்கிரமே ஈரம் குடிச்சு நிறைஞ்சுடும்.

வித்யா, 12:36
பொட்லில ஜர்தோசி சரிகை வேலை இருக்கு சித்தி, ஓரத்துல லேசாக் கறுத்திருக்கு.

மாலதி சித்தி, 12:39
அதைத் தேய்க்காத, நூல் பிரியும். மல் துணியில சுத்தி தனியா வை. சென்ட் பாட்டில் பக்கத்துல வேண்டாம்.

லட்சுமி அத்தை, 12:41
அது சரி, தாம்பூலப் பை எத்தனைன்னு சொல்லவே இல்லையே?

வித்யா, 12:44
எண்ணிட்டு வரேன் அத்தை... 58.

சேகர் மாமா, 12:45
பத்து வச்சுக்கோ. மீதியைத் தெருமுனைக் காய்கறிக்காரம்மாகிட்ட குடு. பிளாஸ்டிக் கவர் தடை 2019-ல இருந்தே இருக்கு, அவங்களுக்குப் பை எப்பவும் தேவைதான்.

வித்யா, 12:47
சரி மாமா. கட்டைப் பை இன்னும் எண்ணல. பரண்ல இருக்கு, கார்த்தி வந்து ஏணி பிடிக்கட்டும்.