டாச்செட்டில் வீடு வாங்கலாமா? கணவர் வேண்டாம் என்கிறார்

வாடகைவாசி:
லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஆறு வருடமாக வாடகை ஃபிளாட். பையனுக்கு ஒன்பது வயது, பாப்பாவுக்கு நாலு. வின்சருக்குப் பக்கத்தில் டாச்செட்டில் மூன்று பெட்ரூம் செமி (ஒரு சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு) ஒன்று பார்த்தோம். கேட்கும் விலை 5,60,000 பவுண்டு. எங்களுக்கு இது முதல் வீடு. ஊர் நடுவே புல்திடல், சுற்றிலும் பழைய வீடுகள், தேம்ஸ் ஆறு நடக்கிற தூரம். வாசலில் நின்றபோதே நான் முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்காரரோ, அதே காசுக்குப் பக்கத்து டவுன் ஸ்லவ்வில் பெரிய வீடு கிடைக்கும், கோவிலும் கடையும் பக்கத்தில் என்கிறார். மூன்று நாளாக வீட்டில் பேச்சு குறைவு. அங்கே இருப்பவர்களும் இருந்தவர்களும் சொல்லுங்கள்.

ஹேரோ மாமா:
என் ஓட்டு உங்கள் வீட்டுக்காரருக்கு. கிராமம் என்பது பெயரில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் எம்4 நெடுஞ்சாலை, தலைக்கு மேல் ஹீத்ரோ விமானம், நடுத்தெருவில் ரயில்வே கேட். கொத்தமல்லிக் கட்டு வாங்க ஸ்லவ்வுக்குத்தான் போவீர்கள் என்றால், ஸ்லவ்விலேயே இருந்துவிட்டால் என்ன? அப்புறம், ஊரிலிருந்து அம்மா அப்பா ஆறு மாத விசாவில் வருவார்கள். பகல் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பாவம்.

ஆற்றங்கரை ராஜா:
பதினோரு வருடமாக டாச்செட்டில் இருக்கிறேன். மாமா சொன்ன கேட் உண்மைதான். காலையில் அது இறங்கினால் கார்கள் புல்திடல் வரை நிற்கும். விமானமும் உண்மை. கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் தரையிறங்கும் விமானமெல்லாம் ஊருக்கு மேலேதான் வரும். இங்கே பெரும்பாலும் மேற்குக் காற்று என்பதால் வீடு பார்க்கப் போகும் அன்று அந்தச் சத்தம் அவ்வளவாகத் தெரியாது. இரண்டு தடவை போய்ப் பாருங்கள்.

ஆனால் ஏறத்தாழ 5,000 பேர் உள்ள ஊர் இது. என் பையன் பத்து வயதில் தனியாகக் கடைக்குப் போய் வந்தான். லண்டன் வாட்டர்லூவுக்கு நேர் ரயில் மணிக்கு இரண்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். அவசரம் என்றால் ஸ்லவ் போய் எலிசபெத் லைன் ரயில். நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் ஸ்லவ்வின் நான்கு கிராமர் பள்ளிகளும் கிட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் டாச்செட் வேறு கவுன்சில், அதனால் ஒவ்வொரு பள்ளியின் சேர்க்கை விதியையும் தனித்தனியாகப் படியுங்கள். அம்மா அப்பா விஷயத்துக்கு வருகிறேன். என் அம்மா தினமும் திடல் பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார். அம்மா தமிழில், பாட்டி ஆங்கிலத்தில். என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்று வரை தெரியாது.

யாழ் வாணி:
கேட், விமானம், கொத்தமல்லி எல்லாம் கதைத்துவிட்டீர்கள். தண்ணீரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

2014 பெப்ரவரியில் நாங்கள் பக்கத்து ஊர் ரேஸ்பரியில் வாடகைக்கு இருந்தோம். ஆறு கரை உடைத்துப் பாய்ந்து வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி வரவில்லை. அந்தப் பகுதி முழுக்கக் கீழே சரளை மண். சத்தமே இல்லாமல் நிலத்துக்குள்ளிருந்து ஊறி வந்தது. முதலில் தோட்டம் சதசதத்தது, பிறகு சாக்கடை மூடி தூக்கியது, டாய்லெட் தண்ணீர் இறங்கவில்லை. வாசலில் மணல் மூட்டை அடுக்கி என்ன பயன், தரைப்பலகைக்கு அடியிலிருந்தல்லவா வருகிறது! ராணுவம் வந்து மூட்டை தூக்கியது. கட்டிடத்துக்கு வீட்டு உரிமையாளரிடம் காப்பீடு இருந்தது, எங்கள் சாமான்களுக்கு நாங்கள் எடுத்திருக்கவில்லை. வீடு காய ஐந்து மாதம். அந்த மணம் இப்பவும் எனக்கு மூக்கில் நிற்கிறது.

ஆற்றங்கரை ராஜா:
வாணி அக்கா, உங்கள் கஷ்டத்தை மறுக்கவில்லை. ஆனால் ரேஸ்பரி வேறு, டாச்செட் வேறு. டாச்செட்டுக்குள்ளேயே தெருவுக்குத் தெரு மாறும். 2014-இல் ஊரில் தண்ணீர் வந்தது, என் தெருவில் வரவில்லை. தவிர, 2016 முதல் ஃப்ளட் ரீ திட்டம் இருக்கிறது. வெள்ள ஆபத்துள்ள பகுதியிலும் கட்டுப்படியாகிற விலையில் காப்பீடு கிடைக்கிறது.

ஹேரோ மாமா:
ஃப்ளட் ரீ 2039-இல் முடிகிறது. இவர்கள் மார்ட்கேஜ் கடன் எப்போது முடியும்? 2009-க்குப் பிறகு கட்டிய வீட்டுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. இன்னொன்று. மெய்டன்ஹெட், வின்சரைக் காக்க வெட்டிய ஜூபிலி ஆறு 2002-இல் திறந்தது. அது மறுபடி தேம்ஸில் சேரும் இடம், ஆற்றோட்டத்தில் டாச்செட்டுக்குச் சற்று மேலே. 2003 ஜனவரியிலேயே கீழே வெள்ளம். அதற்கு ஜூபிலிதான் காரணமா என்று அப்போதிருந்து சண்டை. சரி, அதை விடுங்கள். டாச்செட்டிலிருந்து ரேஸ்பரி வரை தனியாக ஒரு வெள்ளக் கால்வாய் வெட்டுவதாக இருந்தது. உள்ளூர் கவுன்சிலால் தன் பங்குப் பணத்தைத் திரட்ட முடியவில்லை, 2020-இல் அந்தப் பகுதியை மட்டும் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்னும் கீழே இருப்பவர்களுக்குக் கால்வாய் உண்டு, இவர்களுக்கு இல்லை.

எக்செல் எழில்:
இரண்டு கணக்கு.

ஏஜென்ட் “நூறு வருடத்துக்கு ஒரு வெள்ளம்” என்பார். அதன் பொருள் எந்த ஒரு வருடத்திலும் நூற்றில் ஒரு வாய்ப்பு. 25 வருட மார்ட்கேஜ் காலத்தில் ஒரு தடவையாவது வர ஏறக்குறைய 22 சதவீதம். பயந்து ஓட வேண்டிய எண் இல்லை, கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய எண்ணும் இல்லை.

ஸ்டாம்ப் டியூட்டி: முதல் வீட்டுச் சலுகை 2025 ஏப்ரல் முதல் 5,00,000 பவுண்டு வரைதான். அதற்கு மேல் ஒரு பவுண்டு கூடினாலும் சலுகை முழுதாகப் போய்விடும். 5,60,000-க்கு 18,000 கட்ட வேண்டும், 5,00,000 என்றால் 10,000 போதும். வெள்ளத்தைக் காட்டிப் பேரம் பேசினால் விலையிலும் வரியிலும் லாபம்.

ஹேரோ மாமா:
அறுபதாயிரத்தைக் குறைப்பார்களா? கனவு காணுங்கள்.

யாழ் வாணி:
தங்கச்சி, கிராமத்தில் இருக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ரேஸ்பரியில் இருந்த அந்த மூன்று வருடத்தில்தான் அக்கம்பக்கத்தாரை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். தண்ணீர் வந்த அன்று எங்களைக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்ததும் அவர்கள்தான். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், விற்பவர் நிரப்பும் டிஏ6 படிவத்தில் வெள்ளம் வந்ததா என்று ஒரு கேள்வி இருக்கும், அந்தப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தம் பரிமாறும் முன்பே அந்த முகவரிக்குக் காப்பீட்டு விலை கேளுங்கள். ஒப்பந்தம் பரிமாறும் வரை இந்த நாட்டில் யாரையும் எதுவும் கட்டுப்படுத்தாது. பரிமாறிய பிறகு பின்வாங்கினால் பத்து சதவீத டெபாசிட் போனது போனதுதான்.

வாடகைவாசி:
எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். அந்த வீட்டில் கீழ்த்தளத்தில் மட்டும் பிளக் பாயிண்ட் எல்லாம் இடுப்பு உயரத்தில் இருந்தன. குனிந்தால் முதுகு வலிக்கும் என்று வைத்திருப்பார்கள் என நினைத்தேன். மாடியில் எல்லாம் வழக்கம்போலக் கீழேதான். தரையும் கார்ப்பெட் இல்லாமல் முழுக்க டைல்ஸ்.

யாழ் வாணி:
அது முதுகுக்காக இல்லை, தங்கச்சி.

ஆற்றங்கரை ராஜா:
உண்மையில் அப்படி மாற்றிய வீடுதான் நல்லது. அடுத்த தடவை சீக்கிரம் காய்ந்துவிடும்.

ஹேரோ மாமா:
அடுத்த தடவையா!

வாடகைவாசி:
வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இருக்கிறார். மூன்று நாளில் முதல் சிரிப்பு. சனிக்கிழமை மறுபடி போகிறோம், பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுவதாக உத்தேசம். ராஜா அண்ணா, உங்கள் தெருவில் ஏதாவது விலைக்கு வருகிறதா?