டப்பா கேமராவுக்கு உதவி வேணும்

வணக்கம் நண்பர்களே. ‘ஆளுக்கொரு போட்டோ எடுத்தே ஆகணும்’னு சட்டம் வந்தா, கேமரா இல்லாதவங்க என்ன செய்வாங்க? இந்தக் கற்பனையை வெச்சு ராயபுரம் பிள்ளைங்களுக்கு ஊசித்துளை கேமரா, அதாவது லென்ஸ் இல்லாம டப்பால சின்னத் துளை போட்டு உள்ளே வெச்ச போட்டோ பேப்பர்ல படம் பிடிக்கிற கேமரா, செய்யச் சொல்லித்தரப் போறோம்.

10 செ.மீ. அகல டப்பாவுக்கு 0.4 மி.மீ. துளை போதும். கூல்டிரிங்ஸ் கேன் தகட்டில் ஊசி முனையால் குத்தி, பிசிறை நைஸ் உப்புத்தாளில் தேய்க்கணும். பிசிறு இருந்தா படம் மங்கும். உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு அடிக்கணும், இல்லாட்டி வெளிச்சம் தெறிச்சு பேப்பர் வீணாகும். படம் எடுக்க உச்சி வெயில்லயே துளையை ஒரு நிமிஷம் திறந்து வைக்கணும். அதனால காசிமேட்டுப் படகுங்களை எடுத்தா, அதுங்க ஆடி படம் கலங்கிடும்; அசையாம நிக்கிற, 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன்தான் தோது.

மூடி இறுக்கமான பால்பவுடர் டப்பா, தேதி முடிஞ்ச கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பர், சிவப்பு பல்பு வேணும். முக்கியமா, இருட்டுல படம் கழுவ, தண்ணீர்க் குழாயோட ஜன்னலில்லாத அறை ஒண்ணு, ஒரு நாளைக்கு. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் இருந்தா சொல்லுங்க.