எச்4-இல் இறுகி நிற்கும் டபள் கெப்: கண்டதை ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்

ஹட்டன்
வட்டவளைப் பக்கம் தோட்டத்து ரோட், இரவு முழுக்க மழை. உர மூட்டையோடு ஏறிய பழைய ஹைலக்ஸ், எல்என்106. லீவரை எச்4-க்கு, அதாவது சாதாரண வேகத்து ஃபோர் வீலுக்குப் போட்டு மேலே போய், கீழே வந்து, காய்ந்த தாரில் இரண்டு கொண்டை ஊசி வளைவு எடுத்தது. அதற்குப் பிறகு லீவர் அசையவே இல்லை. டிரைவர் இரண்டு கையாலும் இழுக்கிறார், பக்கத்தில் நின்றவர் சுத்தியல் தேடுகிறார்.

மட்டமான இடத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன் சக்கரம் ஒன்றை ஜெக்கால் தூக்கியாயிற்று. டயர் மண்ணை விட்ட அந்த நொடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். யாரும் தொடாமலே சக்கரம் கால் சுற்றுக்குக் கிட்டத் திரும்பி நின்றது. அதன் பின் லீவர் இரண்டு விரலுக்கு வந்தது.

இந்த வகை வண்டியில், முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃப் (டிஃபரன்ஷியல்) கிடையாது. வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட நீண்ட வட்டம் ஓடும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும். காய்ந்த தாரில் வழுக்காது, எனவே முறுக்கு ஷாஃப்ட்டிலேயே சேரும். கியர் பெட்டியிலிருந்து இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேசுக்குள் முன்னையும் பின்னையும் இணைக்கும் ஸ்லீவை அந்த முறுக்குத்தான் கவ்விப் பிடிக்கிறது. ஆகவே அந்த வண்டியில் எதுவும் உடைந்திருக்கவில்லை. சுத்தியலால் அடித்திருந்தால் அந்த ஸ்லீவைத் தள்ளும் செலெக்டர் ஃபோர்க் வளைந்திருக்கும், வீண் செலவு. முன் சக்கர நடுவிலுள்ள ஹப் டயலை ‘ஃப்ரீ’க்குத் திருப்பினாலும் முறுக்கு விடும், ஆனால் இறுகியிருக்கும்போது டயலும் இறுகித்தான் இருக்கும். பிளையர்ஸ் போட வேண்டாம்.

வெலிமடை
அண்ணே, காரணம் சரி. ஆனால் ஜெக்கை முதலில் எடுத்ததை ஒத்துக்கொள்ள முடியாது. நம்ம ரோட்டில் மட்டமான இடம் எங்கே இருக்கிறது? இதை வாசிக்கிற யாராவது ரம்பொட இறக்கத்தில் ஜெக் போடப் போகிறார்கள்.

முதலில் ஸ்டியரிங்கை நேராக்கி ரிவர்சில் 5 முதல் 10 மீற்றர் மெதுவாக வாருங்கள். அக்சிலேட்டரை விட்டு, கிளச்சை மிதித்து, லீவரை மெல்ல இழுங்கள். வரவில்லையா? எந்த வளைவில் இறுகியதோ அதே வளைவில், ஸ்டியரிங்கை அதே அளவு திருப்பிப் பின்னால் வாருங்கள். முறுக்கு ஏறின வழியே இறங்கும். ரோட்டோரம் புல்லோ சரளையோ இருந்தால் ஒரு பக்கச் சக்கரங்களை அதில் இறக்கி 3 மீற்றர் முன்னே பின்னே ஓட்டினாலும் போதும். பெரும்பாலும் ஜெக் தேவையே வராது.

எல்4-இல், அதாவது குறைந்த கியர் ஃபோர் வீலில் இறுகினால் இன்னும் கவனம். அந்த ஹைலக்ஸில் எச்4-இலிருந்து, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் எச்2-க்கு வரும்போது நியூட்ரல் குறுக்கே வராது. எல்4-இலிருந்து வெளியே வர நியூட்ரலைத் தாண்டியே ஆகவேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும்போது கியரில் போட்டு வைத்திருப்பதில் பலனில்லை, இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. ஹேண்ட் பிரேக் ஒன்றுதான் வண்டியைப் பிடித்திருக்கும். சக்கரத்துக்குக் கல் வைக்காமல் அந்த லீவரில் கை வைக்காதீர்கள்.

தலவாக்கலை
லீவர் லேசாக வந்து, வண்டி மட்டும் ஃபோர் வீலை விடாத கதையும் இருக்கிறது. மிட்சுபிஷி எல்200 ஒன்று, கராஜுக்கு வந்தபோது லீவர் 2எச்-இல் (ஹைலக்ஸில் எச்2 என்பதுதான்). டாஷ்போர்டில் முன் சக்கர விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது. டிரான்ஸ்ஃபர் கேசை இறக்கச் சொல்லி வேறொரு இடத்தில் எஸ்டிமேட்டும் கொடுத்திருந்தார்கள்.

இறக்குவதற்கு முன் கோளாறு எந்த முனையில், டிரான்ஸ்ஃபர் கேசிலா முன் அக்ஸிலிலா என்று பாருங்கள். மட்டமான தரை, இஞ்சின் ஓஃப், ஹேண்ட் பிரேக் இழுத்து முதல் கியர், பின் சக்கரத்துக்குக் கட்டை, லீவர் 2எச். கீழே போய் முன் ஷாஃப்ட்டைக் கையால் திருப்புங்கள். தாராளமாகச் சுற்றினால் இரண்டு முனையும் விட்டிருக்கிறது, விளக்குக்குச் செய்தி சொல்லும் ஸ்விட்ச்சைத்தான் சந்தேகிக்கவேண்டும். சுற்றாவிட்டால் முன் சக்கரம் ஒன்றைத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்துவிட்டு மறுபடி திருப்புங்கள். இப்போது ஷாஃப்ட்டோடு அந்தச் சக்கரமும் சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் விட்டுவிட்டது, முன் அக்ஸில்தான் விடவில்லை. அப்போதும் அசையாவிட்டால் கோளாறு டிரான்ஸ்ஃபர் கேசில். ஐந்து நிமிட வேலை, ஒரு போல்ட்கூடக் கழற்றத் தேவையில்லை.

அந்த எல்200-இல் சக்கரம் சுற்றியது. முன் அக்ஸிலை இணைக்கிறதும் விடுகிறதும் வெக்யூம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுவை. பொனட்டுக்குள் மின்சாரத்தில் இயங்கும் இரண்டு சொலினொய்ட் வால்வு, அங்கிருந்து இரண்டு ஹோஸ் முன் டிஃப் பக்கத்து டயஃப்ரம் பெட்டிக்குப் போகும். ஒன்று இழுத்தால் இணையும், மற்றது இழுத்தால் விடும். விடுவிக்கும் ஹோஸ் மேலே பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. கிளிப்பை ஒட்டி அடிப்பக்கம் நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. வளைத்துப் பிடித்தால்தான் வாய் திறந்தது. டயஃப்ரம் முனையில் கழற்றியபோது தேநீர் நிறத்தில் துருத்தண்ணீர் சொட்டியது.

புது ஹோஸ் போடும்போது தடித்த வெக்யூம் ஹோசே போடுங்கள். மீன் தொட்டி டியூபைப் போட்டால் இஞ்சின் சூட்டில் இளகி, வெக்யூம் இழுக்கும்போது தட்டையாக ஒட்டிக்கொள்ளும். டயஃப்ரத்தைக் கைப்பம்பால் 400 மி.மீ. பாதரசம் வரை இழுத்து ஒரு நிமிடம் விடுங்கள், முள் இறங்கக்கூடாது. வீடு போய்ச் சேர மட்டும் என்றால், இரண்டு ஹோசையும் டயஃப்ரத்தில் இடம் மாற்றிச் செருகி, 4எச் போட்டால் போகும் வெக்யூமை விடுவிக்கும் பக்கத்துக்குத் திருப்பலாம். அக்ஸில் விட்டதும் லீவரை 2எச்-க்கு எடுத்து, இரண்டு ஹோசையும் கழற்றி முனையை அடைத்துவிடுங்கள்.

நுவரெலியா
வெக்யூம் என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். கொழும்பில் 27 அங்குலம் காட்டின பம்ப் இங்கே 21 காட்டுகிறது என்று நல்ல பம்பை மாற்றிய வண்டி ஒன்று இங்கே ஓடுகிறது. ஹோஸ் கோளாறு அப்படியே இருந்தது, புதுப் பம்பும் 21-தான் காட்டியது.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 30 அங்குலப் பாதரசம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், இங்கே ஏறக்குறைய 24-தான். எந்தப் பம்பும் அதற்கு மேல் காட்ட முடியாது. கொழும்புக் கணக்கில் இருந்து 6 அங்குலம் கழித்துப் பாருங்கள், 21 என்றால் அது நல்ல பம்ப்.

டீசல் இஞ்சினுக்கு வெக்யூம் தருவது தனிப் பம்ப், பல மாடலில் ஓல்டர்னேட்டருக்குப் பின்னாலேயே இருக்கும். பிரேக் பூஸ்டருக்கும் அதுவேதான். பிரேக் பெடல் வழக்கம்போல மென்மையாக இருந்தால் பம்பில் கை வைக்காமல் ஹோசையும் வால்வையும் பாருங்கள். பெடலும் கல்லு மாதிரி இருந்தால் ஃபோர் வீலை மறந்துவிட்டு பிரேக்கைப் பாருங்கள், அந்த வண்டியை இறக்கத்தில் விடக்கூடாது.

பசறை
லீவருக்குப் பதில் டாஷ்போர்டில் டயல் திருப்புகிற புது வண்டிகளில் இவ்வளவு இல்லை. உரம் ஏற்றும் கெப் ஒன்றில் டிரான்ஸ்ஃபர் கேசை மாற்றும் மோட்டரின் பிளக்கைக் கழற்றினால் உள்ளே இருக்கும் செம்பு ஊசிகள் முழுக்கப் பச்சைப் பொடி. அமோனியம் சல்பேட் ஈரத்தோடு சேர்ந்தால் செம்பைத் தின்றுவிடும். டயலைத் திருப்பி கீழே காது கொடுங்கள். சத்தமே இல்லையென்றால் பியூஸ், பிறகு பிளக், பிறகு ஏர்த் வயர். பிளக்கில் 12 வோல்ட் வந்தும் மோட்டர் பேசாவிட்டால்தான் மோட்டர் பிழை. ஒரு தரம் முனகி நின்றுவிட்டால் அது மேலே சொன்ன முறுக்கு, ரிவர்ஸ் எடுங்கள். குறைந்த கியரிலிருந்து வெளியே வர வண்டி முழுதாக நின்று கியர் நியூட்ரலில் இருக்கவேண்டும். சில மாடலில் கிளச் பெடல் ஸ்விட்ச் பழுதானாலே கம்ப்யூட்டர் மறுத்துவிடும்.

ஹப்புத்தளை
எல்லாரும் இறுகின பிறகு என்ன செய்வதென்று எழுதுகிறீர்கள். டயரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ஒரு கெப் வளைவே இல்லாத ரோட்டில் இறுகி நின்றது. பின்னால் இரண்டும் புது டயர், முன்னால் இரண்டும் மொட்டை. அவ்வளவுதான் விஷயம்.

கேளுங்கள், 265/70ஆர்16 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2,440 மி.மீ. பூ 6 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவில் 38 மி.மீ. போய்விடும். ஒரு கிலோமீற்றருக்கு டயர் 410 தரம் சுற்றும். 410-ஐ 38-ஆல் பெருக்கினால் முன்னுக்கும் பின்னுக்கும் ஏறக்குறைய 15.6 மீற்றர் வித்தியாசம். பாரம் ஏறினால் கணக்குக் கொஞ்சம் மாறும், ஆனால் நேர்ரோட்டிலேயே முறுக்கு ஏற இது தாராளம். ஆகவே டயர் வாங்கினால் நான்கும் ஒன்றாக வாங்குங்கள், பணம் இல்லையென்றால் 8,000 கி.மீ.-க்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றுங்கள். நான்கையும் ஒரே பிராண்டில், ஒரே பூவில் வையுங்கள், ஸ்பெயரையும் சேர்த்து. காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள், காலையில் பனியோடு அளந்தது உச்சி வெயிலில் கூடுதலாகக் காட்டும். டேப்பை டயரைச் சுற்றிப் பிடித்து அளந்து பாருங்கள், நான்குக்கும் இடையே 10 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் காய்ந்த ரோட்டில் ஃபோர் வீல் பக்கமே போகாதீர்கள். மாதம் ஒருமுறை மண் ரோட்டில் எச்4 போட்டு 2 கி.மீ. ஓட்டுங்கள், ஆறு மாதம் தொடாத லீவர் துருப்பிடித்து இறுகிப்போகலாம்.

ஹட்டன்
வெலிமடைத் தம்பி சொன்ன வரிசைதான் சரி, ரிவர்ஸ் முதலில், ஜெக் கடைசியில். ஹப்புத்தளை சொன்னதால் அந்த எல்என்106-இன் டயரை டேப் போட்டு அளந்தோம். முன் வலது 2,262 மி.மீ., பின் வலது 2,291 மி.மீ.